பிள்ளையின் பாலைப் பிடுங்கிய காகிதம்!

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா?

தக்காளிப் பெட்டி ஒரு பக்கம் மலைபோல் இருக்கும். முருங்கைக்காய்க் கட்டு ஒரு பக்கம். சின்ன வெங்காய மூட்டை ஒரு பக்கம். கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும். வெண்ணெய்க்கும் பேர் போன ஊர் இது.

அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அவருக்கு இரண்டரை வயதில் ஒரு பையன். ஒருநாள் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணே! இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பையன் பால் குடிக்கக் கூடாதாம். முட்டை கூடாதாம். கோதுமை கூடாதாம். கடலை கூடாதாம். தக்காளி, கத்தரிக்காய் எதுவுமே கூடாதாம். ஊருக்கே காய் அனுப்புற ஊர்ல இருக்கோம். எம் பிள்ளைக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லைங்கிறாங்களே!"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டு. பெரிய பெரிய பெயர்கள். பக்கத்தில் எண்கள். சில எண்கள் சிவப்பு எழுத்தில் இருந்தன. அந்தச் சிவப்பு எழுத்துதான் வீட்டையே கலக்கிவிட்டது.

பையனுக்கு என்ன கோளாறு? முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொறி. அதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள். இரவானால் இருமல், மூக்கொழுகல். யாரோ சொன்னார்கள், "அலர்ஜி டெஸ்டு எடுத்துப் பார்" என்று. ஒரு பரிசோதனை நிலையத்தில் போய், டாக்டர் சீட்டு ஒன்றும் இல்லாமலே, 'மொத்தமாக எல்லாம் பார்க்கும்' டெஸ்டு எடுத்தார்கள். பல ஆயிரம் ரூபாய் போயிற்று. கடன் வாங்கிய பணம்!

மூன்று மாதத்தில் பையன் எடை குறைந்தான். கஞ்சியும் ரசம் சாதமுந்தான் சாப்பாடு. சொறி குறையவில்லை. இருமலும் நிற்கவில்லை.

இந்தக் கதை அந்த ஒரு வீட்டோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இப்போது வீட்டுக்கு வீடு 'அலர்ஜி' என்ற சொல் அடிபடுகிறது. இரத்த டெஸ்டு நல்லதா, தோல் டெஸ்டு நல்லதா என்று கேட்கிறார்கள். என் மனத்தில் பட்டதைச் சொல்லுகிறேன்.

அலர்ஜி என்றால் என்ன?

தமிழில் ஒவ்வாமை என்கிறோம். 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர். பெயர் பிர்க்கே. வருஷம் 1906.

நம் உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. நோய்க் கிருமி வந்தால் அது சண்டை போடும். சில பேர் உடம்பில் இந்தக் காவல்படை ஆள் தெரியாமல் அடித்துவிடும். முட்டையையும் தூசியையும் எதிரி என்று நினைத்துவிடும். உடனே தோல் தடிக்கும். கண் அரிக்கும். தும்மல் வரும். சில சமயம் மூச்சே அடைத்துவிடும். 'காணாக்கடி' என்று நாம் சொல்லுகிறோமே, பூச்சி எதுவும் கடிக்காமலே திட்டுத் திட்டாகத் தடிக்கிறதே, அதிலும் ஒரு பகுதி இந்த வகைதான்.

இந்தக் காவல்படைக்கு ஒரு ஆயுதம் உண்டு. அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயர். இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

1921-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்துத் தம் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீன் சாப்பிட்டு ஒரு தொல்லையும் அறியாத அவருடைய தோல், அந்த இடத்தில் மட்டும் தடித்தது! ஆக, கோளாறு இரத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது.

அது என்ன பொருள் என்று தெரிய இன்னும் 45 வருஷம் ஆயிற்று. 1966-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதிகள் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் சுவீடன் தேசத்தில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவர் தனியாக ஆராய்ந்து அதையே கண்டார்கள். 1968-ல் அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயர் சூட்டினார்கள். அதை இரத்தத்தில் அளக்கும் முறையும் அந்த நாளில்தான் வந்தது.

தோல் டெஸ்டு அதற்கு ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் பிளாக்லி, தம் தோலைக் கீறிப் புல்லின் மகரந்தப் பொடியைத் தேய்த்துப் பார்த்தார். தம் ஆராய்ச்சியை 1873-ல் புத்தகமாகப் போட்டார். தமக்கு ஏன் வருஷா வருஷம் தும்மல் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடு!

தோலில் ஒரு குத்து

இப்போது செய்யும் தோல் டெஸ்டு அவ்வளவு கொடுமை அல்ல. குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொள்ளுவார். முன்கையிலோ முதுகிலோ சொட்டுச் சொட்டாக மருந்து வைப்பார்கள். ஒரு சொட்டில் பால் சத்து. ஒரு சொட்டில் முட்டை. இன்னொன்றில் தூசிப் பூச்சி. ஒவ்வொரு சொட்டின் மேலும் சின்ன முள்போன்ற கருவியால் மெல்லக் குத்துவார்கள். இரத்தம் வராது. எறும்பு கடித்ததுபோல் இருக்கும்.

பதினைந்து, இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். எந்தச் சொட்டு ஆகாதோ அந்த இடம் கொசுக் கடிபோல் வீங்கும். அளவுகோல் வைத்து அளப்பார்கள். வெறும் நீர்ச் சொட்டு வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாக வீங்கினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். கட்டாயம் வீங்கும் மருந்து ஒன்றையும் ஒரு இடத்தில் வைப்பார்கள். அதுவே வீங்கவில்லை என்றால் டெஸ்டு செல்லாது.

அன்றைக்கே முடிவு தெரிகிறது. செலவும் பெரும்பாலும் இரத்த டெஸ்டைவிடக் குறைவு. கைக்குழந்தைக்கும் செய்யலாம். சின்னக் குழந்தைக்கு வீக்கம் கொஞ்சம் சிறியதாக வரும், அவ்வளவுதான். "மூன்று வயதுக்கு முன் செய்யக் கூடாது" என்று சிலர் சொல்லுவது தப்பு.

ஆனால் இதிலும் தொல்லை இருக்கிறது. அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வீங்க வேண்டியது வீங்காது. சளிக்குக் கொடுக்கும் பல சிரப்புகளிலும் இந்தச் சரக்குக் கலந்திருக்கும். வீட்டில் யாருக்குத் தெரிகிறது? உடம்பு முழுவதும் சொறி இருக்கும் குழந்தைக்குக் குத்த இடமே இருக்காது. எதையோ சாப்பிட்டு மூச்சடைத்துப் பிழைத்த குழந்தையாக இருந்தால், ஆபத்தைச் சமாளிக்க மருந்தும் ஆளும் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கவே கூடாது!

இரத்தத்தில் ஒரு அளவு

இரத்த டெஸ்டில் ஒரு தடவை நரம்பில் ஊசி. கொஞ்சம் இரத்தம். அதோடு குழந்தையின் வேலை முடிந்தது. மாத்திரையை நிறுத்த வேண்டாம். தோல் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. ஆபத்தும் இல்லை. இதெல்லாம் நல்ல குணங்கள்தான். நான் மறுக்கவில்லை.

முடிவு வரச் சில நாள் ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் காசு. இரண்டு பொருளைப் பார்த்தால் செலவு கட்டும். நூறு பொருளைப் பார்த்தால்? அங்கேதான் வியாபாரம் நுழைகிறது.

'மொத்த ஐ.ஜி.இ.' என்று ஒரு எண்ணும் ரிப்போர்ட்டில் வரும். அது அதிகம் என்றால் அலர்ஜி என்று பயப்படுகிறார்கள். வயிற்றில் பூச்சி இருந்தாலும் அந்த எண் ஏறும், தாய்மார்களே! மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகளுக்குப் பூச்சி இருப்பது அதிசயமா? பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் சர்க்கார் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துப் பாலை நிறுத்தாதீர்கள்.

'ஐ.ஜி.ஜி.' என்று வேறு ஒரு டெஸ்டும் உண்டு. உணவு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகியவர் உடம்பில் ஐ.ஜி.ஜி. இருப்பது இயல்பு. அதைக் கொண்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்க முடியாது என்று உலகத்து அலர்ஜி டாக்டர்களின் சங்கங்கள் பலவும் சொல்லிவிட்டன. அதற்குக் கொடுக்கும் பணம் கொடுமுடி ஆற்றில் போட்ட காசு!

இருப்பது வேறு, படுத்துவது வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

தோல் டெஸ்டும் சரி, இரத்த டெஸ்டும் சரி, உடம்பில் அந்த ஆயுதம் இருக்கிறதா என்று மட்டுந்தான் சொல்லும். அந்தப் பொருளைச் சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொல்லை வருமா என்று சொல்லாது. வீட்டில் அரிவாள் இருக்கிறது என்பதற்காக அந்த வீட்டுக்காரர் வெட்டினார் என்று வழக்குப் போட முடியுமா?

இது என் சொந்தக் கற்பனை அல்ல. பெங்களூரிலும் மைசூரிலும் ஆயிரக்கணக்கான பெரியவர்களை ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு உணவுக்கு இரத்தத்தில் ஐ.ஜி.இ. இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். ஆனால், சாப்பிட்டுத் தொல்லையும் வந்து, இரத்தத்திலும் காட்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் ஒருவர்தான்! மற்ற இருபத்தைந்து பேரும் அதைத் தின்றுகொண்டு சுகமாக இருக்கிறார்கள். அந்த இருபத்தைந்து பேருக்கும் ரிப்போர்ட்டை நீட்டியிருந்தால், இருபத்தைந்து வீட்டில் பத்தியம் ஆரம்பமாகியிருக்கும்.

கத்தரிக்காய்க்கும் இந்தக் கதிதான். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம் என்று நம் அப்பத்தாமார் ஒதுக்கி வைத்தார்கள். மைசூரில் 741 பேரிடம் கத்தரிக்காய் ஒவ்வாமையை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஐ.ஜி.இ. வழியாக வரும் உண்மையான கத்தரிக்காய் அலர்ஜி நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. அப்பத்தா சொன்னது முழுப் பொய் அல்ல. சிலருக்கு வருகிறது. எல்லோர் இலையிலிருந்தும் கத்தரிக்காயை எடுக்க வேண்டியதில்லை.

டெஸ்டில் 'இல்லை' என்று வந்தாலும் எல்லாம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். பால் குடித்த கைக்குழந்தைக்கு மலத்தில் இரத்தம் போகும் ஒரு வகை ஒவ்வாமை உண்டு. அது இந்த ஆயுதத்தால் வருவதல்ல. இரண்டு டெஸ்டிலும் அகப்படாது. டாக்டர் பார்த்து, பாலைச் சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துத்தான் தெரிந்துகொள்ளுவார்.

உண்மையான தீர்ப்பு வாய் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் வைத்து, ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேகப்பட்ட உணவைத் துளியாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு நாள் பொழுது வேண்டும். பழக்கப்பட்ட டாக்டர் வேண்டும். அதனால்தான் எல்லா ஊரிலும் அது நடப்பதில்லை.

பத்தியம் செய்யும் கெடுதல்

"எதற்கு வம்பு? நிறுத்தி வைத்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நல்லது இல்லை!

பால், முட்டை, கடலை எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளையின் சதையும் எலும்பும். அதைப் பிடுங்கினால் பதிலுக்கு என்ன கொடுப்பது?

இன்னொரு சங்கதியும் உண்டு. லண்டனில் கடுமையான சொறியோ முட்டை அலர்ஜியோ இரண்டுமோ உள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. முதலில் எல்லோருக்கும் நிலக்கடலைத் தோல் டெஸ்டு. பெரிதாக வீங்கிய குழந்தைகளை விட்டுவிட்டார்கள். மற்றவர்களில் பாதிப் பேருக்கு நிலக்கடலையைக் குழைத்துக் கொடுத்து வந்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை கண்ணிலும் காட்டவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? கடலை தின்னாத கூட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 17 பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி. தின்ற கூட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 3!

ஒதுக்கினால் அலர்ஜி வராது என்று எண்ணினார்கள். ஒதுக்கியதால்தான் வந்தது. (சின்னக் குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுத்துவிடாதீர்கள். தொண்டையில் அடைக்கும். அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான சொறி உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.)

சொறி உள்ள பிள்ளைக்கு, ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்த பொருளைப் பல மாதம் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், அப்போது புதிதாகக் கடுமையான அலர்ஜி வந்ததும் உண்டு. டாக்டர்கள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு காகிதத்தை நம்பிச் செய்யும் பத்தியம், இல்லாத நோயை உண்டாக்கிவிடுகிறது.

எது நல்லது?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைக்கு முதலில் தோல் டெஸ்டு. சந்தேகப்பட்ட மூன்று நாலு பொருளுக்கு மட்டும். குழந்தையைப் பார்த்து, கதையைக் கேட்ட டாக்டரே பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். தடிப்பைத் தாய் தன் கண்ணால் பார்க்கிறாள். சிவப்பு எண்ணைப் பார்த்து மிரளுவதற்கு இடமில்லை.

மாத்திரையை நிறுத்த முடியாத குழந்தை, உடம்பெல்லாம் சொறி உள்ள குழந்தை, முன்பு மூச்சடைத்துப் பிழைத்த குழந்தை, தோல் டெஸ்டு செய்யும் டாக்டர் எட்டாத ஊர்க் குழந்தை, இவர்களுக்கு இரத்த டெஸ்டு. அதிலும் டாக்டர் எழுதிக் கொடுத்த பொருளுக்கு மட்டும். சில சமயம் டாக்டரே இரண்டையும் கேட்பார். அதற்குக் காரணம் இருக்கும்.

'நூறு பொருள் ஒரே விலை' என்று பலகை வைத்திருக்கும் டெஸ்டுக்கு மட்டும் போகாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படி டெஸ்டு எடுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டால்கூட நல்லதுதான் என்பேன்.

டெஸ்டைவிட நல்ல ஆயுதம் தாயிடம் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம்! எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வையுங்கள். என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிஷத்தில் தடித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, மறுபடி சாப்பிட்டபோது வந்ததா? சாப்பிட்டுச் சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஐ.ஜி.இ. வேலையாக இருக்கலாம். மூன்று நாள் கழித்து வந்த சொறிக்கு முட்டையின் மேல் பழி போட முடியாது. தடிப்பைக் கைப்போனில் படம் பிடித்து வையுங்கள். நீங்கள் டாக்டரிடம் போவதற்குள் அது மறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எதையாவது சாப்பிட்டவுடன் உதடு வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறி, அல்லது குழந்தை துவண்டு போனால், டெஸ்டுக்கும் நோட்டுக்கும் அது நேரமல்ல. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும்.

அந்தப் பையன்

நம் மூட்டைக்காரர் பையனைத் திண்டுக்கல்லில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனார். முதல் தடவை வீணாயிற்று. முந்தின நாள் சளி சிரப்புக் கொடுத்திருந்தார்கள். "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒருநாள் கூலியும் பஸ் காசும் போயிற்று. அப்பனுக்குக் கோபம். நியாயமான கோபந்தான். சிரப்பை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் தடவை டாக்டர் அரை மணி நேரம் கதை கேட்டார். கடலை மிட்டாய் தின்றிருக்கிறானா? தின்றிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. பால்? பிறந்ததிலிருந்து குடித்தான். கோதுமைத் தோசை? தின்றான். "அப்படியானால் இதற்கெல்லாம் டெஸ்டே வேண்டாம். அவன் வயிறே டெஸ்டு செய்துவிட்டது" என்று சிரித்தார். முட்டை? அம்மா யோசித்தாள். ஒரு தடவை அவித்த முட்டை கொடுத்துப் பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. காணாக்கடி என்று நினைத்து விட்டுவிட்டாள்.

முட்டைக்கும் தூசிப் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் பூனைக்கும் டெஸ்டு செய்தார்கள். முட்டை வீங்கியது. தூசிப் பூச்சி வீங்கியது. மற்றவை பேசாமல் இருந்தன.

மெத்தை, தலையணை, பழைய போர்வையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பூச்சி அது. இப்போது வாரம் ஒரு தடவை போர்வையைச் சுடுநீரில் துவைக்கிறார்கள். சொறிக்குத் தினம் இரண்டு வேளை எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவுகிறார்கள். தடித்த இடத்துக்கு மட்டும் டாக்டர் கொடுத்த மருந்து. இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. முழங்கை மடிப்பு இன்னும் முழுவதும் ஆறவில்லை. அது வருவதும் போவதுமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

முட்டை மட்டும் நிறுத்தம். பெரும்பாலான குழந்தைகளுக்கு முட்டை அலர்ஜி வளர வளரப் போய்விடுமாம். அடுத்த வருஷம் மறுபடி தோலில் குத்திப் பார்ப்பார்கள். தடிப்புச் சுருங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் ஊட்டிப் பார்ப்பார்கள்.

போன வாரம் அப்பனோடு மார்க்கெட்டுக்கு வந்திருந்தான். காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டம்ளர் நிறையப் பால் குடித்தான். மீசையெல்லாம் நுரை. அந்தக் காகிதம் என்ன ஆயிற்று என்று அப்பனிடம் கேட்டேன். தக்காளிப் பெட்டிக்கு அடியில் விரித்தாயிற்று என்றார்.